குழாய் வாயில் எலுமிச்சம்பழம்

திண்டிவனம்
19-11-1961

அந்தோணிசாமி அவர்களுக்கு,

‘அன்புள்ள அண்ணனுக்கு’ என்றுதான் இத்தனை நாள் எழுதி வந்தேன். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை. நீங்கள் என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

நேற்று காலை ரயிலில் முப்பத்தெட்டுப் பெண்களை விழுப்புரத்துக்குக் கூட்டி வந்தேன். தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஒரு மாதமாக வகுப்பில் இதே பேச்சு. “டீச்சர், நெஜமா நாமளே சுத்தலாமா? யாரும் திட்ட மாட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். திட்ட மாட்டார்கள், அங்கே அந்தோணி அண்ணன் இருக்கிறார் என்று நான்தான் சொன்னேன். எந்த வாயால் சொன்னேனோ!

உங்களுக்கு மறந்திருக்கும், நினைவுபடுத்துகிறேன். மண்டிக்காரர் அப்பாதுரை முன்பு வேர்க்கடலை மூட்டை அடுக்கி, அப்போது சும்மா கிடந்த மல்லாட்டைக் கிடங்கை நமக்கு விட்டுக்கொடுத்தார். நான் நோட்டில் படம் போட்டுத் தர, ரயில்வே ஷெட்டில் பிட்டர் வேலை முடிந்து வந்து நீங்கள் செய்தீர்கள். இரண்டு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடிப் பல்பு எரியும். சுவரின் இந்தக் கோடியில் குழாயில் முணுமுணுத்தால் அந்தக் கோடியில் கேட்கும். கப்பி நாற்காலியில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் நம்மை நாமே தூக்கிக்கொள்ளலாம். குட்டையை நெட்டையாகக் காட்டுகிற வளைந்த தகரம் ஒன்று. வாசலில் நீங்களே நீலப் பெயிண்டில் எழுதி மாட்டிய பலகை: ‘தொட்டுப் பார்.’ பிள்ளைகள் தொட்டுப் பார்த்து விஞ்ஞானம் படிக்க இந்த ஜில்லாவிலேயே வேறு இடம் கிடையாது என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒரு கைப்பிடி உடையும். நான் அங்கலாய்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். “ஒடையட்டும் டீச்சர். ஒடஞ்சாத்தான் தொட்டாங்கன்னு அர்த்தம்” என்பீர்கள். ஜூனில் எனக்கு மாற்றல் வந்தபோது அந்த மனிதரை நம்பித்தான் சாவியைக் கொடுத்தேன்.

நேற்று நான் பார்த்தது என்ன? சக்கரத்துக்குச் சந்தனம், பொட்டு, சாமந்தி மாலை. தகரக் கண்ணாடியின் நடுநெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். பேசும் குழாயின் வாயில் எலுமிச்சம்பழத்தைச் சொருகி அடைத்திருக்கிறார்கள். குறுக்கே கயிறு. கற்பூரத் தட்டு. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு டைனமோவை மூன்று சுற்று வலம் வந்தார். நம் பலகையைத் திருப்பி மாட்டி, முதுகுப்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், ‘தொடாதீர்’ என்று.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பாஞ்சாலி என்று ஒரு பெண். ஒலக்கூர் பக்கத்துச் சேரியிலிருந்து வந்து விடுதியில் தங்கி எட்டாவது படிக்கிறாள். பொட்டும் பூவும் அவள் கண்ணில் படவில்லை. நான் சொன்ன சக்கரம்தான் பட்டது. கயிற்றுக்குக் கீழே கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்து இழுத்தது யார்? “தொடாத பாப்பா, அப்பால போய் நில்லு” என்று சொன்னது யார்? அப்பாதுரை இல்லை. நீங்கள்.

‘தொடாதே’ என்ற சொல்லை அந்தப் பெண் தன் ஊர்க் கிணற்றடியிலேயே வேண்டியமட்டும் கேட்டிருக்கிறாள். அதை இன்னொரு தடவை கேட்க அவள் ரயிலேறி வரவேண்டியதில்லை.

எனக்குப் பதில் வேண்டும்.

கிருஷ்ணவேணி


விழுப்புரம்
22-11-1961

டீச்சர் அவர்களுக்கு அந்தோணிசாமி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்தால் அதற்கும் கோபப்படுவீர்கள், அதனால் விசாரிக்கவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு நம் விஞ்ஞானக் கூடத்தில் பூ வைத்தார்கள். மறுநாள் எனக்கு அவசர டூட்டி. பண்ருட்டிக்கு அந்தப்பக்கம் மழையில் லைன் அரித்துவிட்டது என்று பிரேக்டவுன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், அப்பாதுரை வீட்டம்மா வெள்ளையம்மாள் சக்கரத்துக்கு முன்னால் அகல் விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பேத்திக்குக் காய்ச்சல் இறங்கியதாம். அதைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். அப்புறம் கயிறு வந்தது, பலகை திரும்பியது. அப்பாதுரை இப்போது தினமும் காலையில் குளித்துவிட்டு விபூதியோடு வந்து நிற்கிறார். கிடங்கைத் திருப்பிக் கேட்டு மாதத்துக்கு ஒருமுறை என்னைப் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தவர், இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

பூ வைத்தால் கூடம் இருக்கும். பூவை எடுத்தால் மல்லாட்டை மூட்டை வரும். அதுதான் நிலைமை.

உங்கள் பெண்ணின் கையை இழுத்தபோது அப்பாதுரை எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் இழுத்திருந்தால் அறையும் சேர்ந்து விழுந்திருக்கும். அதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தோணிசாமி


திண்டிவனம்
25-11-1961

அந்தோணிசாமி அவர்களுக்கு,

‘பூ வைத்தார்கள்.’ யார் வைத்தார்கள்? வானத்திலிருந்து விழுந்ததா? குழாய்க்குள் எலுமிச்சம்பழம் தானாக உருண்டு போனதா? ஒரு போல்ட் கழன்றால்கூட எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் திருப்பியது என்று சொல்லத் தெரிந்த உங்களுக்கு இது மட்டும் தெரியவில்லையா?

கூடம் இருக்குமாம். எது இருக்கும்? எரியாத பல்பும், பேசாத குழாயும், யாரும் உட்காராத நாற்காலியும் இருக்கும். அதற்கு மல்லாட்டை மூட்டையே மேல். மூட்டையையாவது நாலு பேர் தொட்டுத் தூக்குவார்கள்.

நேற்று ஆய்வுக்கூட வகுப்பு. பாஞ்சாலியைச் சோதனைக் குழாயை எடுக்கச் சொன்னேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “தொடலாங்களா டீச்சர்?” என்றாள். தொடு என்றேன். மறுபடி, “நெஜமா தொடலாங்களா?” மூன்று தடவை கேட்டாள். கடைசிவரை எடுக்கவில்லை. போன வாரம்வரை அடங்காப்பிடாரியாக இருந்த பெண் அவள். ஏதாவது கையில் கிடைத்தால் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். அந்தக் கையை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்களால் பேச முடியாது என்று தெரிந்துவிட்டது. அதனால் அப்பாதுரைக்கு நானே நேராக எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பொருளை வைத்துக்கொண்டு பூசாரி வேலை பார்க்க வெட்கமாக இல்லையா என்று கேட்டிருக்கிறேன். மெதுவாகத்தான் கேட்டிருக்கிறேன்.

கிருஷ்ணவேணி


விழுப்புரம்
30-11-1961

டீச்சர்,

மெதுவாகத்தான் கேட்டீர்களா? அந்தக் கடிதத்தை அப்பாதுரை மண்டியில் எடைபோடுகிறவன், மூட்டை தூக்குகிறவன், வண்டிக்காரன் எல்லோரையும் கூட்டி வைத்துச் சத்தம் போட்டுப் படித்தார். பூசாரி என்ற இடத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். முடிந்தது கதை. அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இனி அவர் ஒரு பூ இதழைக்கூட எடுக்க விடமாட்டார். ஏற்கெனவே சிக்கிக் கிடந்த நட்டை உங்கள் கடிதம் சுத்தியலால் அடித்து இறுக்கிவிட்டது.

நீங்கள் இருபத்தைந்து மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு கோபப்படலாம். நான் இங்கே இருக்க வேண்டும். என் பெயர் அந்தோணிசாமி. என் பெயர் உள்ளவன் போய்ச் சாமிக்கு வைத்த மாலையை அறுத்தால் இந்த ஊரில் என்ன பேசுவார்கள் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா? படித்தவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது போலிருக்கிறது.

யார் வைத்தது என்று கேட்டீர்களே. சொல்கிறேன். நான் வைத்தேன்.

சந்தனம் குழைத்தது நான். பொட்டு வைத்தது நான். சாமந்தியை மார்க்கெட்டில் வாங்கி என் மனைவி சவுரியம்மாளைக் கட்டச் சொன்னது நான். குழாயில் எலுமிச்சம்பழத்தைச் சொருகியதும் இந்தக் கைதான். ஷெட்டில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். வருஷத்தில் அந்த ஒரு நாள் ஸ்பேனர், சுத்தியல், இஞ்சின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்போம். அன்றைக்கு ஒரு ஆணியைக்கூடத் தொடமாட்டோம். இந்துவா கிறிஸ்தவனா முஸ்லிமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எங்கள் இஞ்சினுக்கு மாலை போடுவது இப்ராஹிம் பாய்தான். எனக்கு அது மதம் இல்லை, மரியாதை.

சாவியைக் கொடுத்த அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? “அண்ணே, ஷெட்டுல உங்க சாமானுங்கள எப்படிப் பாத்துக்குவீங்களோ, இதையும் அப்படியே பாத்துக்குங்க” என்றீர்கள். அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். இதைச் சொன்னால் எங்கள் கோயில் பங்குச் சாமியாரும் நம்பவில்லை. பூசை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்ப்பா, டைனமோவுக்குப் பொட்டு வெச்சியாமே?” என்று கேட்டார். அந்தப்பக்கமும் அடி, இந்தப்பக்கமும் அடி.

முதல் கடிதத்தில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. செய்தவன் நான் என்று தெரிந்தால் நீங்கள் என்னிடம் பேசவே மாட்டீர்கள் என்று பயம்.

இன்னொன்று. அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன சொல்லைப் பற்றி எழுதினீர்கள். அதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். எங்கள் பாட்டன் காலத்தில் எந்தத் தெருவிலிருந்து கோயில் மாறி வந்தோம் என்று உங்களுக்குத் தெரியும், வாய்விட்டுக் கேட்டதில்லை. அன்றைக்கு அது என் வாயிலிருந்தே வந்தபோது என் அப்பாவை விரட்டிய ஒருவனின் குரல் மாதிரியே இருந்தது. அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உங்களிடம் பரிதாபம் கேட்டு எழுதவில்லை. இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள்.

அந்தோணிசாமி


திண்டிவனம்
4-12-1961

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் மூன்று தடவையும் கோபம்தான் வந்தது.

அப்பாதுரைக்கு எழுதியது தப்பு. உங்கள் பெயரை நினைத்துப் பார்க்காதது அதைவிடத் தப்பு. சாவி கொடுத்தபோது நான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. நாம் சொன்னதை ஒரு மனிதர் அப்படியே கேட்டால் அதற்காக அவரைத் திட்டுவது என்ன நியாயம்? இதற்குமேல் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. என் அம்மாவிடமே கேட்டதில்லை.

ஆனால் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஷெட்டில் என்ன செய்வீர்கள்? மாலை போட்ட இஞ்சினை அப்படியே நிறுத்திவிட்டுக் கும்பிட்டுக்கொண்டா இருப்பீர்கள்?

பாஞ்சாலி இன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறாள்.

கிருஷ்ணவேணி


விழுப்புரம்
12-12-1961

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கேள்வியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். ஷெட்டில் இப்ராஹிம் பாயிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “இதுல என்னாய்யா யோசனை? மறுநாள் வண்டிய எடுக்கலன்னா பூஜையே முடியலன்னு அர்த்தம்” என்றார். இத்தனை நாள் என் மரமண்டைக்கு இது ஏறவில்லை. தொடக்கி வைத்தவன் நான். மறுநாள் முடித்து வைக்க வேண்டியவனும் நான். அன்றைக்குப் பிரேக்டவுன் வண்டியில் போய்விட்டேன். அந்தப் பூஜை ஐம்பது நாளுக்கு மேலாக முடியாமலே கிடந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். திருட்டுத்தனமாகச் செய்யப் பிடிக்கவில்லை. ஷெட் யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு போய் நின்றேன். அப்பாதுரை, “இன்னாய்யா இது வேஷம்?” என்றார்.

“பூ வெச்சது நானுங்க. பூஜைய முடிக்க வந்துக்கிறேன். வேலைக்கு எடுத்தாத்தாங்க முடியும், எங்க ஷெட்டுல அதான் வழக்கம்” என்றேன். கயிற்றை அவிழ்த்தேன். அறுக்கவில்லை, அவிழ்த்தேன். குழாயிலிருந்த பழத்தை எடுத்தேன். அழுகி நாற்றமெடுத்திருந்தது. “டேய், கோயில்ல கைய வெக்கிறான் பாருடா” என்று ஒருவன் குரல் கொடுத்தான். நாலு பேர் என்னை நெருக்கிக்கொண்டு வந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

அப்போது வெள்ளையம்மாள் குழாயின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. இந்தக் கோடியில் குனிந்து, “அம்மா, கேக்குதுங்களா? நான் அந்தோணி” என்றேன். அந்த அம்மாள் திடுக்கிட்டு அங்கேயும் இங்கேயும் பார்த்தார்கள். அப்புறம் குழாயில் வாயை வைத்து, “கேக்குதுடா” என்றார்கள். தன் குரல் இங்கே வந்து சேர்ந்ததைப் பார்த்துச் சின்னப் பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த வாயோடு வந்து சக்கரத்தைப் பிடித்தார்கள். சுற்றினார்கள். பல்பு எரிந்தது. பயந்து கையை எடுத்தார்கள், அணைந்துவிட்டது.

“வுட்டா போயிடுதே!” என்றார்கள்.

ஆமாம் டீச்சர். ஐம்பது நாளாக அதற்கு முன்னால் எண்ணெய் விளக்கு ஏற்றி வைத்தவர்கள் ஒருவர்கூட அந்தப் பல்பு எரிந்து பார்க்கவில்லை. அதற்கப்புறம் வரிசையாக ஒவ்வொருவரும் சுற்றினார்கள். என்னை அடிக்க வந்தவனும் சுற்றினான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அப்பாதுரை சுற்றவில்லை. பெண்டாட்டி சிரித்ததை அவரால் தாங்க முடியவில்லை. “சாயங்காலத்துக்குள்ள ஜல்தியா காலி பண்ணு. நாளைக்கு மூட்ட எறங்குது” என்றார். சொன்னபடி இறக்கியும்விட்டார். வெள்ளையம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. இரண்டு வருஷ உழைப்பை அரை நாளில் கழற்றினேன். ஒவ்வொரு நட்டைக் கழற்றும்போதும் அவரைத் திட்டினேன், உங்களையும் திட்டினேன், அதிகமாக என்னைத் திட்டிக்கொண்டேன். நாற்காலியும் கண்ணாடியும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கின்றன. குழாய் சுவருக்குள் பதித்தது, வரவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது.

சக்கரத்தையும் டைனமோவையும் பெட்டியில் வைத்து ஆணி அடித்து உங்கள் பெயருக்குப் பார்சல் போட்டிருக்கிறேன். ரசீது இத்துடன். பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, “கண்ணாடி சாமான்னா ‘ஜாக்கிரதை’ன்னு எழுதுங்க” என்றார். நான் நீலப் பெயிண்டை எடுத்துப் போயிருந்தேன். பெட்டி மேல் ‘தொட்டுப் பார்’ என்று எழுதினேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஸ்டேஷனில் பெட்டியை எடுக்கப் போகும்போது அந்தப் பெண்ணையும் கூட்டிப்போங்கள். முடிந்தால் அவள் பிரிக்கட்டும். என்னைப் பற்றி அவளிடம் நல்லதாக ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அந்தோணி


திண்டிவனம்
20-12-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. எங்கள் தலைமையாசிரியை உடனே அதை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். விலை உயர்ந்த சாமானாம், பிள்ளைகள் பாழாக்கிவிடுவார்களாம். எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்போது அது வராந்தாவில், பெல் அடிக்கிற தண்டவாளத் துண்டுக்குக் கீழே இருக்கிறது. பூட்டு கிடையாது.

பெட்டியை ஸ்டேஷனிலேயே பாஞ்சாலி முன்னால் வைத்தேன். மேலே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள். “இது யாருக்கு எழுதினது டீச்சர்?” என்றாள். உனக்குத்தான், அன்றைக்கு உன் கையை இழுத்தவர் எழுதியது என்றேன். நல்லதாக ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றீர்கள், நானும் சொல்லவில்லை. அந்த எழுத்தை இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் முதுகுக்குப் பின்னாலிருந்த கை முன்னால் வந்தது. ஆணிகளை அவளே பிடுங்கினாள்.

இப்போது எனக்கு உங்கள் மேல் வேறொரு கோபம். நீங்கள் வைத்த வெல்டிங் என்ன லட்சணம்? முதல் இடைவேளையில் அவள் ஆரம்பித்தாள், அவளைத் தொடர்ந்து பள்ளிக்கூடமே வரிசையில் நின்றது. நாலாவது நாள் கைப்பிடி இரண்டாக உடைந்துவிட்டது. உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என் முன்னால் வந்து நின்றாள். “நான்தாங்க டீச்சர் ஒடச்சேன்” என்றாள். கண்ணில் பயமே இல்லை.

நான் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு ஸ்பேனரோடு வந்து சேருங்கள். வெல்டிங் எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

கிருஷ்ணவேணி